முதல் மென்பவளம்: காளானா, தோல் பவளமா, சோவாவா, பச்சை நட்சத்திரமா, ஜீனியாவா?

கடல்நீர்த் தொட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு இறங்கி, இரண்டு கோமாளி மீன்கள் குடியேறி, பாறைகளில் படிந்த பழுப்புப் பாசியும் ஓரளவு அடங்கிய பிறகு, பெரும்பாலோர் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: முதல் பவளமாக எதை வாங்குவது? விற்பனைத் தொட்டியின் நீல ஒளியில் எல்லாமே அழகாகத்தான் தெரிகின்றன. எதைக் காட்டிக் கேட்டாலும் "வளர்ப்பது எளிது" என்ற பதிலே கிடைக்கிறது. அந்தப் பதில் பொய்யன்று. இந்தக் கட்டுரையில் ஒப்பிடப்படும் ஐந்து வகைகளும், நீரின் தன்மையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு புதியவரின் தொட்டியில் உயிரோடு இருக்கக்கூடியவையே.

ஆனால் உயிரோடு இருப்பது பாதிச் செய்தி மட்டுமே. நான் பார்த்தவரையில், மென்பவளத் தொட்டிகள் பவளம் செத்துக் கெட்டதைவிட, பவளம் எதிர்பார்த்ததற்கு மேல் வளர்ந்து கெட்டதே அதிகம். ஆகவே "எது எளிதில் சாகாது?" என்று கேட்பதோடு, "ஓர் ஆண்டு கழித்து வேண்டாம் என்று தோன்றினால், பாறையைக் குலைக்காமல் இதை என்னால் எடுக்க முடியுமா?" என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்த இரண்டாவது கேள்விக்கே கூடுதல் எடை தருகிறது.

பெயர் பற்றி ஒரு சிறு குறிப்பு. விலங்கியல் வகைப்பாட்டின்படி உண்மையான மென்பவளங்கள் எட்டு உணர்கொம்புகள் கொண்டவை. ஒவ்வொரு கொம்பும் இறகைப்போல் இருபுறமும் கிளைத்திருக்கும். தோல் பவளம், பச்சை நட்சத்திரப் பாலிப் (பாலிப் என்பது வாயும் கொம்புகளும் கொண்ட ஒற்றைப் பவள உயிர்), ஜீனியா ஆகிய மூன்றும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. காளான் பவளமும், சோவாவும் பாலித்தோவாவும் அடங்கிய சோவாந்திட்களும் உறவுமுறையில் கடின பவளங்களுக்கும் கடல் சாமந்திகளுக்கும் நெருக்கமானவை. சுண்ணாம்புக் கூடு இல்லாமல் மென்மையாக இருப்பதாலும், பராமரிப்பு ஒத்திருப்பதாலும், வளர்ப்போர் எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைக்கிறார்கள். இங்கும் அப்படியே அழைக்கிறேன்.

## ஐந்துக்கும் பொதுவான அடிப்படை

உப்புத்தன்மை ஆயிரத்தில் 35 பங்கு, அதாவது ஒப்படர்த்தி ஏறக்குறைய 1.025 முதல் 1.026 வரை, வெப்பநிலை 24 முதல் 26 டிகிரி செல்சியஸ், காரத்தன்மை 8 முதல் 9 டிகேஹெச் (கார்பனேட் கடினத்தன்மையின் அலகு), கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு), மெக்னீசியம் 1,250 முதல் 1,350 பிபிஎம். இந்த எண்களை விட, அவை நாளுக்கு நாள் ஆடாமல் இருப்பதே முக்கியம். மென்பவளங்களின் சதைக்குள் அதிகம்போனால் ஸ்கிளிரைட் எனப்படும் நுண்ணிய சுண்ணாம்பு முட்கள் மட்டுமே இருப்பதால், கடின பவளங்களைப்போல் அவை கால்சியத்தை வேகமாக உறிஞ்சுவதில்லை. வாராந்திர நீர்மாற்றமே பெரும்பாலும் போதும்.

நைட்ரேட், பாஸ்பேட் விஷயத்தில்தான் பலர் எதிர்த்திசையில் தவறுகிறார்கள். இரண்டையும் பூஜ்ஜியத்துக்குத் தள்ளிவிட்டால் நீர் தூய்மையாகிவிடும் என்று எண்ணிப் கழிவை நுரையாக்கி நீக்கும் பெரிய ஸ்கிம்மரும் பாஸ்பேட் நீக்கியும் போட்டுவிட்டு, பவளம் ஏன் சுருங்குகிறது என்று வியக்கிறார்கள். நைட்ரேட் 5 முதல் 15 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்ற அளவில் இருக்கும் நீரே மென்பவளங்களுக்கு உகந்தது. அவற்றின் திசுவுக்குள் வாழும் சூசாந்தெல்லே பாசிகளுக்கு அதுவே உரம்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் தாங்குதிறன்: வெப்பநிலையோ உப்புத்தன்மையோ சற்றே பிறழும்போது அது என்ன செய்கிறது என்பது. இரண்டாவது, அதற்குத் தேவையான ஒளியும் நீரோட்டமும். ஒளியைப் பிஏஆர் என்ற அளவால் சொல்வது வழக்கம். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி எவ்வளவு வந்து விழுகிறது என்பதே அதன் பொருள். மூன்றாவது, பரவும் வேகமும் அகற்றும் எளிமையும். நான்காவது, பக்கத்தில் இருக்கும் பவளங்களுக்கு அது செய்யும் தீங்கு. சில கொட்டும்; சில நீரில் வேதிப்பொருள்களைக் கசியவிடும்; சில வெறுமனே மேலேறி நிழலிட்டுக் கொல்லும். ஐந்தாவது, நம் கைக்கும் வீட்டாருக்கும் உள்ள பாதுகாப்பு. இந்தக் கடைசி அளவுகோல் ஒரே ஒரு வகைக்குத்தான் பெரிதாகப் பொருந்துகிறது. ஆனால் பொருந்தும் இடத்தில் மற்ற நான்கையும் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

## காளான் பவளம்

டிஸ்கோசோமா, ரோடாக்டிஸ், ரிகோர்டியா ஆகியவை இந்தப் பெயரில் வருகின்றன. தண்டும் கிளையும் இல்லாத, பாறையில் ஒட்டிய ஒரு வட்டத் தட்டு, நடுவில் ஒரு வாய், அவ்வளவுதான் உடல். மெல்லிய ஒளியும் (30 முதல் 80 பிஏஆர்) மென்மையான நீரோட்டமும் இதற்குப் போதும். தொட்டியோடு வந்த சாதாரண விளக்கையே பயன்படுத்துபவர்கள், அடித்தளத்துக்கு அருகில் நிழல் விழும் மூலையை இதற்குக் கொடுக்கலாம்.

இதன் பெரிய நன்மை, குறையை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதுதான். ஒளி அதிகமானால் ஓரங்கள் உள்நோக்கிச் சுருண்டு, தட்டு சிறுத்து, நிறம் வெளுக்கும். ஒளி குறைந்தால் தட்டின் விளிம்பு புனல்போல மேல்நோக்கி நீளும். நீரோட்டம் பிடிக்காவிட்டால் பிடியை விட்டுவிட்டு மிதந்து வேறிடம் தேடிப் போகும். இப்படி மிதக்கும் காளான் அலைப்பம்பின் வாயில் சிக்கினால் துண்டுதுண்டாகிவிடும் என்பதால், பம்பின் உறிஞ்சுவாயில் பஞ்சோ வலையோ பொருத்தியிருப்பது நல்லது. கிழிந்த துண்டுகளில் பல, பாறை இடுக்குகளில் விழுந்து புதிய காளான்களாக முளைத்துவிடும் என்பது வேறு கதை.

பரவும் வேகம் மிதமானது. நகரும்போது அடிப்பாதத்தின் சிறு துணுக்குகளை விட்டுச் செல்வதாலும், இரண்டாகப் பிளப்பதாலும் பெருகுகிறது. ஆறு மாதத்தில் ஒன்று மூன்றாகலாம், முப்பதாகாது. அகற்றுவது எளிது என்று சொல்லமாட்டேன், ஏனெனில் பாறையில் ஒரு துணுக்குத் தங்கினாலும் மீண்டும் வரும். ஆனால் ஒட்டியிருக்கும் சிறு கல்லோடு எடுத்துவிடலாம்.

புதிய காளானைப் பாறையில் ஒட்ட முயன்று பலர் சலித்துப்போவார்கள். அதன் வழவழப்பான சளியின்மேல் சயனோஅக்ரிலேட் பசை நிற்பதில்லை. ஒரு சிறு கிண்ணத்தில் உடைகற்களைப் போட்டு, அதன்மேல் காளானை வைத்து, மெல்லிய வலையால் வாயை மூடி, நீரோட்டம் குறைந்த இடத்தில் ஒன்றிரண்டு வாரம் விட்டுவிட்டால் தானே ஏதாவது ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கல்லைத்தான் பாறையில் ஒட்ட வேண்டும்.

எச்சரிக்கை இரண்டு. ரோடாக்டிஸ் வகை, தொட்டடுத்த பவளங்களை நன்றாகவே சுட்டுவிடும். காளான் என்ற பெயரிலேயே விற்கப்படும் யானைக்காது, அதாவது ஆம்பிளெக்சிடிஸ்கஸ், தன் தட்டைப் பலூன்போல் குவித்துச் சிறு மீன்களை உள்ளே அடைத்து உண்ணக்கூடியது. சிறு மீன்கள் உள்ள தொட்டிக்கு அது ஏற்றதன்று.

## தோல் பவளம்

நாய்க்குடைபோல் தண்டும் தொப்பியும் கொண்ட சார்கோபைட்டான், விரல் விரலாக நிற்கும் சினுலேரியா, மடிப்புகளாக எழும் லோபோபைட்டம் ஆகிய மூன்றும் இந்த வகைக்குள் அடங்கும். தொட்டிக்கு நடுவில் கண்ணைப் பிடித்து நிறுத்தும் ஓர் உருவம் வேண்டுமென்றால், இந்த ஐந்தில் அதைத் தருவது இது மட்டுமே. 75 முதல் 200 பிஏஆர் வரை ஒளியும், ஒரே திசையில் அறையாமல் மாறி மாறி வரும் நடுத்தர நீரோட்டமும் இதற்குத் தேவை.

தோல் பவளத்தை முதன்முறை வாங்குபவரைப் பதறவைப்பது அதன் தோலுரிப்பு. என் முதல் சார்கோபைட்டான் தொட்டிக்கு வந்த நான்காம் நாள் பாலிப்களை எல்லாம் உள்ளிழுத்துக்கொண்டு, தொப்பி மொட்டையாகிப் பழுப்புச் சாம்பல் நிறத்தில் ஒரு பளபளப்பைப் பூசிக்கொண்டு நின்றது. அதன் மேல் தூசியும் பாசியும் படியத் தொடங்கின. தினமும் இரண்டு முறை நீரைச் சோதித்தேன். எந்த எண்ணும் பிறழவில்லை. ஏழாம் நாள் அதை எடுத்து எறியும் முடிவுக்கே வந்துவிட்டேன். ஒன்பதாம் நாள் காலையில், மெழுகு பூசிய தாள் கிழிவதுபோல் அந்தப் படலம் தொப்பியின் ஓரத்திலிருந்து பிரிந்து, பாதி ஒட்டியும் பாதி நீரோட்டத்தில் அலைந்தும் கொண்டிருந்தது. அதற்கு அடியில் ஊசிமுனை அளவில் புதிய பாலிப்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. மேலே படியும் பாசியையும் அழுக்கையும் களைய அது கையாளும் இயல்பான முறை இதுவே. உரிக்கும் பவளத்துக்கும் சாகும் பவளத்துக்கும் வேறுபாடு காண ஒரு வழி உண்டு: உரிப்பது கைக்குக் கெட்டியாக இருக்கும், நாற்றம் இராது; அழுகுவது கொழகொழவென்று கரும்புள்ளிகளோடு இளகி, நீருக்கு வெளியே எடுத்த உடனே நாறும். கெட்டியாக இருந்தால், நீரோட்டத்தைச் சற்றே கூட்டிவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

அகற்றும் எளிமையில் தோல் பவளத்துக்கே முதலிடம். அது ஒரே தண்டாக நிற்கிறது. பாறைமேல் ஊர்ந்து பரவுவதில்லை. பெரிதாகிவிட்டால் கூரிய கத்தியால் தொப்பியை வெட்டினால், அடித்தண்டு மீண்டும் தழைக்கும். வெட்டிய துண்டும் தனியே வளரும். வெட்டும் வேலையைத் தொட்டிக்குள் ஒருபோதும் செய்யக்கூடாது; தனி வாளியில், அதே உப்புநீரில் வைத்து வெட்டி, வடியும் சளி நிற்கும்வரை இரண்டு மூன்று முறை அலசிவிட்டே திருப்பி விட வேண்டும்.

ஏனென்றால் தோல் பவளத்தின் ஆயுதமே அதன் வேதிப்பொருள்கள்தாம். ஓடவோ கொட்டவோ பெரிதாக வழியில்லாத இந்த உயிர், டெர்பீன் வகைச் சேர்மங்களை நீரில் கசியவிட்டுத் தன்னைச் சுற்றி இடம் பிடித்துக்கொள்கிறது. சார்கோபைட்டானில் இருந்து பிரிக்கப்பட்ட சார்கோபைன், சினுலேரியாவில் இருந்து பிரிக்கப்பட்ட பிளெக்சிபிலைடு ஆகியவை வேதியியலாளர்கள் நன்கறிந்தவை. கடலில் இவை கரைந்து போய்விடும். இருநூறு லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? அக்ரோபோரா போன்ற கடின பவளங்களை எதிர்காலத்தில் வளர்க்கும் எண்ணம் உள்ளவர்கள் இதை முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும். ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும் செயலூட்டிய கரியை வடிகட்டியில் வைத்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருந்தால் பெருமளவு தணியும், முற்றிலும் தீராது.

அளவையும் சொல்லியாக வேண்டும். கையளவாக வாங்கிய சார்கோபைட்டான் சில ஆண்டுகளில் அரை மீட்டர் அகலத் தொப்பியாக விரியக்கூடும். அதன் அடியில் இருப்பவை எல்லாம் இருட்டில் வாழப் பழக வேண்டியதுதான்.

## சோவாவும் பாலித்தோவாவும்

நிறத்துக்காக வாங்குபவர்கள் தவறாமல் வந்து சேரும் வகை இது. சட்டைப் பொத்தான் அளவுள்ள பாலிப்கள், பொதுவான ஒரு விரிப்பில் நெருக்கமாக நிற்கும்; நீல ஒளியில் ஆரஞ்சும் பச்சையும் ஊதாவுமாக ஒளிரும். 50 முதல் 150 பிஏஆர், நடுத்தர நீரோட்டம். பாறைத் துண்டில் பசையால் எளிதில் ஒட்டலாம். ஒரு நிறத்துக்கு ஒரு தனிக்கல் என்று பிரித்து வைத்தால், பரவுவதையும் கட்டுக்குள் வைத்திருக்கலாம்.

இப்போது ஐந்தாவது அளவுகோல். 1971-இல் ஹவாயில் மூர், ஷோயர் என்ற இரு வேதியியலாளர்கள் பாலித்தோவா இனம் ஒன்றிலிருந்து பாலிடாக்சின் என்ற நஞ்சைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். இயற்கையில் அறியப்பட்ட, புரதமல்லாத நஞ்சுகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்று அது. உயிரணுக்களின் சோடியம்–பொட்டாசியம் பம்பைப் பற்றி, அதை மூட முடியாத ஒரு திறந்த வாயிலாக்கிவிடுவதே அதன் செயல்முறை. எல்லாச் சோவாந்திட்களிலும் இது இருப்பதில்லை. இருப்பது எது, இல்லாதது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. பாலித்தோவா தன் சதைக்குள் மணல் துகள்களைப் புதைத்துக்கொள்ளும், சோவா எனப்படும் சோவாந்தஸ் அப்படிச் செய்யாது என்பது ஓர் அடையாளம்தான். அதை நம்பிக் கையுறையைக் கழற்றுவதற்கான உரிமம் அன்று.

அஞ்சி ஓட வேண்டியதில்லை. உலகெங்கும் எண்ணற்ற தொட்டிகளில் இவை ஆண்டுக்கணக்கில் யாரையும் தீண்டாமல் இருக்கின்றன. ஆபத்து நேர்ந்த நிகழ்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவது ஒரே காட்சி: உயிர்ப்பாறையில் ஒட்டிக்கொண்டு வந்த பழுப்பு நிறப் பாலித்தோவாவை ஒழிப்பதற்காக, யாரோ ஒருவர் அந்தப் பாறையைக் கொதிக்கவைக்கிறார், அல்லது வெந்நீர் ஊற்றித் தூரிகையால் தேய்க்கிறார். ஆவியிலும் தெறிக்கும் துளிகளிலும் நஞ்சு பரவி, தொட்டியைத் தொடாத குடும்பத்தினரும் மூச்சுத்திணறலோடும் காய்ச்சலோடும் தசைவலியோடும் மருத்துவமனைக்குப் போகிறார்கள். கொதிக்கவைப்பது இந்த நஞ்சை அழிப்பதில்லை. ஆகவே, இவற்றைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும். நீருக்கு வெளியே அறுப்பதோ தேய்ப்பதோ கூடாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டி வேலை வேறொரு நாளைக்கு. வாயில் கசப்போ உலோகச் சுவையோ, உதட்டில் மரமரப்போ தோன்றினால் உடனே மருத்துவரிடம் போய், சோவாந்திட் பவளத்தைக் கையாண்டதாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், சாதாரணக் காய்ச்சல் என்றே அது எடுத்துக்கொள்ளப்படக்கூடும்.

பூச்சித்தொல்லையும் இந்த வகையில்தான் அதிகம். சோவாவை மட்டுமே தின்று, தின்ற பாலிப்பின் நிறத்தையே தன் முதுகில் ஏந்திக்கொள்ளும் ஓடில்லா நத்தைகள் உண்டு. விரல் நகத்தைவிடச் சிறியவை. பவளக் குளியல் மருந்து அவற்றைக் கொல்லும், அவற்றின் முட்டைகளைக் கொல்லாது. எனவே வாரத்துக்கு ஒருமுறை என்று மூன்று முறையாவது குளிப்பாட்டி, பாலிப்களுக்கு இடையே சுருளாகத் தெரியும் முட்டைக் கொத்துகளை இடுக்கியால் அகற்ற வேண்டும்.

## பச்சை நட்சத்திரப் பாலிப்

பிரையாரியம் என்பது பேரினப் பெயர். ஊதா நிறத்தில் தடித்த தோல்போன்ற ஒரு விரிப்பு. அதிலிருந்து புல்லைப்போல் எழும் பச்சைப் பாலிப்கள். விரல் நிழல் பட்டாலே சில நொடிகளில் முழு வயலும் மறைந்து ஊதாத் தோல் மட்டும் எஞ்சுவதும், சற்று நேரத்தில் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுவதும் பார்த்துச் சலிக்காத காட்சி. தாங்குதிறனில் இதற்கு இணை இந்தப் பட்டியலில் இல்லை என்றே சொல்வேன். 50 முதல் 200 பிஏஆர் வரை எங்கு வைத்தாலும் வளரும், நீரோட்டம் கூடினால் இன்னும் வேகமாக வளரும்.

அந்த வளர்ச்சியே இதன் குறை. நானும் இதை முதன்மைப் பாறையின் உச்சியில் ஒட்டியவன்தான். எட்டு மாதத்தில் அது பாறையின் முன்முகத்தை மூடி, இரண்டு சோவாக் கற்களை அடியில் போட்டுப் புதைத்துவிட்டது. விரிப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பிடித்து இழுத்தால், ஈரமான தோல் கிழிவதுபோன்ற இழுவையோடு ஒரு கைக்குட்டை அளவு உரிந்து வந்தது, வந்தவரையில் மகிழ்ச்சி. பாறையின் துளைகளுக்குள் இறங்கியிருந்த ஊதாத் துணுக்குகள் ஆறு வாரத்தில் மீண்டும் வெளியே வந்தன. இறுதியில் அந்தப் பாறையையே எடுத்துவிட வேண்டியதாயிற்று.

இதை வளர்ப்பதற்குச் சரியான இடம் இரண்டு: மணற்பரப்பின் நடுவே எந்தப் பாறையையும் தொடாமல் நிற்கும் தனிக்கல், அல்லது பின்புறக் கண்ணாடி. கண்ணாடியில் படர்ந்தால் தகட்டால் சுரண்டி எடுத்துவிடலாம். வயரும் குழாயும் தெரியும் பின்புறத்தைப் பச்சை மதிலாக மாற்றியும் விடும்.

## ஜீனியா, கூடவே கென்யா மரம்

கை விரல்களை மூடித் திறப்பதுபோல் இடைவிடாது துடிக்கும் பவளம் ஜீனியா. இந்தத் துடிப்பு எதற்கு என்பது நெடுநாள் புதிராக இருந்தது. செங்கடலில் எய்லாத் அருகே, ஜீனியாவின் நெருங்கிய உறவான ஹெட்டெரோஜீனியாவை ஆராய்ந்து 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, துடிப்பதால் பாலிப்களைச் சுற்றித் தேங்கும் ஆக்சிஜன் விலகி ஒளிச்சேர்க்கை பன்மடங்கு கூடுகிறது என்று காட்டியது. உணவு பிடிப்பதற்கான துடிப்பன்று அது. ஆகவே ஜீனியாவுக்கு முன்னால் உணவுத்துகள்களைத் தெளித்துக்கொண்டிருப்பது நீரைக் கெடுப்பதற்கே பயன்படும்.

ஜீனியா இருவிதமாக ஏமாற்றும். சில தொட்டிகளில் களைபோல் பரவி, கடின பவளங்களின் கிளைகளுக்கு இடையிலும் புகுந்துவிடும். வேறு சில தொட்டிகளில், எல்லா எண்களும் சரியாக இருக்கும்போதே துடிப்பை நிறுத்தி, ஓரிரு நாளில் கூட்டம் முழுவதும் உருகிவிடும். சிறு தொட்டியானால் அந்த அழுகல் அம்மோனியாவை ஏற்றி மீன்களுக்கும் கேடு செய்யும். பயணத்தையும் அது தாங்குவதில்லை என்பதால், தொலைவிலிருந்து தருவிப்பதைவிட அருகில் உள்ள ஒருவரின் தொட்டியில் தழைத்த துண்டை வாங்குவதே மேல். கென்யா மரம் எனப்படும் கேப்னெல்லா உருகுவதில்லை. ஆனால் கிளை நுனிகளைத் தானே உதிர்த்து, அவை விழுந்த இடமெல்லாம் முளைக்கும்.

## ஒரே பார்வையில்

| வகை | ஒளி (பிஏஆர்) | நீரோட்டம் | தாங்குதிறன் | பரவல் | அகற்றுவது | முதன்மையான கவலை |
|---|---|---|---|---|---|---|
| காளான் | 30–80 | மெல்லியது | மிக நன்று | மிதம் | கல்லோடு எடுத்தால் எளிது | மிதந்து பம்பில் சிக்குதல் |
| தோல் பவளம் | 75–200 | நடுத்தரம் | நன்று | பரவாது, பெரிதாகும் | மிக எளிது | வேதிக் கசிவு, நிழல் |
| சோவா, பாலித்தோவா | 50–150 | நடுத்தரம் | நன்று | மிதம் | தனிக்கல்லில் இருந்தால் எளிது | பாலிடாக்சின், பூச்சிகள் |
| பச்சை நட்சத்திரம் | 50–200 | நடுத்தரம் முதல் வலியது | மிக மிக நன்று | மிக வேகம் | பாறையில் ஏறினால் கடினம் | மற்றவற்றை மூடிவிடுதல் |
| ஜீனியா | 75–150 | நடுத்தரம் | கணிக்க இயலாது | மிக வேகம் அல்லது சுழியம் | கடினம் | திடீரென உருகுதல் |

ஒளி எண்கள் வளர்ப்போர் வழக்கத்தில் உள்ளவை, எல்லைக்கோடுகள் அல்ல. புதிய பவளத்தை எந்த வகையானாலும் விளக்கின் வலிமையைப் பாதியாகக் குறைத்து அறிமுகப்படுத்தி, மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றுவது பாதுகாப்பு.

## முதலில் கண்ணில் படாத செலவுகள்

பவளத்தின் விலை, செலவில் சிறு பகுதி. தோல் பவளம் வைத்திருந்தால் கரி மாற்றுவது முடிவில்லாத மாதச் செலவு. சோவா வாங்கினால் கையுறை, கண்ணாடி, குளியல் மருந்து, தனிமைப்படுத்த ஒரு சிறு தொட்டி ஆகியவையும் கூடவே வரும். ஜீனியாவுக்கும் பச்சை நட்சத்திரத்துக்கும் ஆகும் செலவு நேரம்தான்: மாதம் ஒருமுறை கத்தரித்தே ஆக வேண்டும், கத்தரித்ததை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் கிடைப்பது அரிது. மீனுக்கு நோய் வந்தால் பவளத்துக்கு ஆகாத, தாமிரம் கலந்த மருந்தைத் தொட்டியில் ஊற்ற முடியாமற்போவதும் ஒரு செலவே. முதல் பவளம் நுழைந்த அன்றே மீன் மருத்துவத்துக்கு வேறொரு தொட்டி தேவையாகிவிடுகிறது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடின பவளங்கள், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. இங்கே பேசப்படும் மென்பவளங்கள் அதில் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டம் உண்டு. தொட்டியிலேயே வளர்த்து வெட்டிய துண்டா, கடலிலிருந்து எடுத்ததா என்று விற்பவரிடம் கேட்பது சட்டத்துக்கும் நல்லது, பவளத்தின் தாங்குதிறனுக்கும் நல்லது.

## எந்தத் தொட்டிக்கு எது

ஐம்பது லிட்டருக்கும் குறைவான தொட்டி, சாதாரண விளக்கு என்றால் காளான். வேறெதையும் யோசிக்க வேண்டாம். நூற்றைம்பது லிட்டருக்கு மேல், மென்பவளங்களே போதும் என்ற முடிவு என்றால் சார்கோபைட்டான் ஒன்றை நடுவில் வைத்துச் சுற்றிலும் காளான்களை அடுக்குவதே நான் பரிந்துரைக்கும் அமைப்பு. இரண்டு ஆண்டுகளில் கடின பவளங்களுக்கு மாறும் எண்ணம் இருந்தால் தோல் பவளத்தைத் தவிர்த்து, தனித்தனிக் கற்களில் சோவா வளர்க்கலாம். மாறும்போது கல்லைத் தூக்கிவிடலாம். தொட்டிக்குள் கைவிடும் வயதில் குழந்தைகளோ, சிந்திய நீரை நக்கும் வளர்ப்பு விலங்குகளோ வீட்டில் இருந்தால், சோவாவைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடுவேன். அடிக்கடி வெளியூர் போகிறவர், நீர்மாற்றம் சில வாரம் தவறும் என்று தெரிந்தவர், பின்கண்ணாடியில் பச்சை நட்சத்திரத்தை ஒட்டிவிட்டுப் போகலாம். ஜீனியாவை முதல் பவளமாக யாருக்கும் சொல்லமாட்டேன். அந்தத் துடிப்பில் மனம் பறிகொடுத்தவர்கள் மட்டும், மற்றப் பாறைகளைத் தொடாத தனிக்கல்லில் வைத்துக்கொள்ளட்டும்.

ரோஜாவும் மஞ்சளுமாக ஒளிரும் டென்ட்ரோனெஃப்தியா இந்தப் பட்டியலிலேயே இல்லாததற்குக் காரணம் உண்டு. அதன் உடலில் ஒளிச்சேர்க்கைப் பாசிகள் இல்லை. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை இரவும் பகலும் உண்டே வாழ்கிறது. வீட்டுத் தொட்டிகளில் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ பட்டினியில் கரைந்துவிடுகிறது. விற்பனைத் தொட்டியில் அதுவே எல்லாவற்றிலும் அழகாக நிற்கும், கடந்து போய்விடுங்கள்.

இன்னொரு சூழல் அடிக்கடி நேர்கிறது: நண்பர் ஒருவர் தன் தொட்டியைக் கலைக்கிறார், பவளம் ஒட்டிய பெரிய பாறை ஒன்றை இலவசமாகத் தருகிறார். அப்படியே வாங்கித் தொட்டியில் வைத்துவிட வேண்டாம். வெள்ளை ஒளியில் பாறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடிப்புறத்தில் ஊதாத் தோலோ, பழுப்பு நிறப் பெரிய பொத்தான் பாலிப்களோ இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால், நீங்கள் தேர்ந்தெடுக்க எண்ணிய பவளத்தோடு தேர்ந்தெடுக்காத இரண்டும் சேர்ந்து வருகின்றன. வேண்டிய துண்டை மட்டும் கையுறை அணிந்து, தனி வாளியில், நீருக்குள்ளேயே வைத்துப் பிரித்தெடுத்துக்கொண்டு, பாறையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.